செட்டியார் சாருக்குக் கிதாபு படித்தேன்

அடுத்தவருக்காகப் படித்துச் சொல்லும் வேலையில் ஒரு தொல்லை உண்டு: படிக்கத் தெரியாதவர்கள் நாம் எதையோ மறைக்கிறோம் என்பார்கள், படித்தவர்கள் நாம் எதையோ கூட்டிச் சொல்கிறோம் என்பார்கள். கடுதாசி படித்துச் சொன்னவர்கள், பத்திரம் படித்துச் சொன்னவர்கள், மாமியாருக்கு மருந்துச் சீட்டுப் படித்துச் சொன்னவர்கள் யாராவது இதைப் பார்த்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் படித்துச் சொன்னது இருநூறு தாளுக்கு மேல் இருந்த ஒரு கிதாபு. என் பாட்டை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடப் படிப்பு எனக்கு நாலாவதோடு சரி. ஆனால் எங்கள் கோட்டைப்பட்டினத்தில் பெண்பிள்ளைகளுக்கு வேறொரு படிப்பு உண்டு. எழுத்து அரபு எழுத்து, பேச்சு நம்முடைய தமிழ். அப்படி எழுதின கிதாபுகளை எங்கள் உம்மாமார்கள் வீட்டுக்குள்ளேயே படித்தார்கள், எங்களுக்கும் பழக்கினார்கள். அப்படி ஒரு பழைய கிதாபு படகு வைத்திருந்த மரைக்காயர் வீட்டில் இருந்தது. மனுசன் எப்படி நடக்க வேண்டும், நீதிபதி எப்படித் தீர்ப்புச் சொல்ல வேண்டும், ராஜா எப்படி ஆள வேண்டும் என்று பாகம் பாகமாக எழுதியிருக்கும். திருச்சியில் ஒரு காலேஜில் தத்துவம் சொல்லிக்கொடுத்த வயிரவன் சார் அதைத் தேடி வந்தார். திருமயத்துக்குப் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. இஸ்லாத்தின் ஒழுக்க நெறி, ஆட்சி முறை பற்றி அது சொல்லும் யோசனை, இதைத்தான் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார். அவருக்குத் தமிழ் தெரியும், எழுத்துத் தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியும், அதில் சொல்லியிருக்கிற பெரிய சமாச்சாரமெல்லாம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள். நாடு பிரிந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சமயம் அது. என் மச்சான், அதாவது என்னைக் கட்டினவர், மலாயாவில் இருந்தார். நானும் அவர் உம்மாவான என் மாமியும் இரண்டு வயசு மகள் ஜொகராவும்தான் வீட்டில். வேலைக்குச் சம்பளம் உண்டு, அது மாமி கைக்குப் போனது, அதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

சேலைக்கு இங்கிட்டு

முன்கூடத்தில் கயிறு கட்டி மாமியின் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டோம். சேலைக்கு அங்கிட்டு சார், ஒரு நாற்காலியும் நோட்டுமாக. இங்கிட்டு நானும் கிதாபும் ஜொகராவும். ஓரத்தில், இரண்டு பக்கமும் கண்ணில் படுகிற மாதிரி, வெற்றிலைப் பெட்டியோடு மாமி. ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கி பஸ் வந்து அரைமணியில் வேலை ஆரம்பமாகும்.

முதல் நாள் எனக்குக் குரலே எழும்பவில்லை. அந்நிய ஆம்பளை காதில் விழுகிற மாதிரி நான் பேசினதே கிடையாது. "கொஞ்சம் சத்தமாங்க" என்று சார் மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை மாமி பொறுக்க முடியாமல், நான் படிப்பதைத் தானே வாங்கிச் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். நீதிபதி, ராஜா வருகிற இடங்களில் பாதியை வெற்றிலையோடு சேர்த்து மென்றுவிடுவார். பெற்ற தாய்க்கு மனுசன் செய்ய வேண்டிய கடமைகள் வந்தபோது மட்டும் ஒரு வார்த்தை சிந்தவில்லை. நான் 'தாய்' என்று படித்த இடத்திலெல்லாம் மாமி 'தாயும் மாமியும்' என்று சொல்லிக்கொண்டே போனார். அங்கிட்டு பேனா நின்றது.

"மாமியும்னு கிதாபிலே இருக்குங்களா?" என்று சார் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்த ராத்திரிச் சோறு எனக்கு இறங்காது. மாமிதான் பதில் சொன்னார்:

"இருக்கு செட்டியாரே. இவ மெல்லமாப் படிக்கிறதாலே ஒங்களுக்குக் கேக்கலே."

நாலாவது காரணம்

கிதாபை என்னிடம் தருவதற்கு முன்னால் மரைக்காயர் சாரைக் கூப்பிட்டு வைத்து விசாரித்ததை மரைக்காயர் வீட்டு மச்சி எனக்கு வரிக்கு வரி சொன்னாள். நீங்கள் எங்கள் மார்க்கத்துக்கு வரப்போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இல்லைங்க என்றிருக்கிறார் சார். அப்ப எங்களைக் குத்தம் சொல்லி எழுதப்போகிறீர்களா? இல்லைங்க. பழைய கிதாபு வாங்கி வெள்ளைக்காரனுக்கு விற்கிற யாவாரமா? அதுவும் இல்லைங்க.

"பின்னே எதுக்கு?" என்று கேட்டதற்கு, "ஆளுறவங்க எப்படி நடக்கணும்னு எல்லா ஊர்லயும் எல்லா மதத்திலயும் யோசிச்சிருக்காங்க, நம்ம ஊர்லே தமிழ்லயே யோசிச்சது இதுங்க, தெரிஞ்சுக்கத்தான்" என்றாராம். தெரிந்துகொள்வதற்கு மட்டும் ஒருத்தர் இரண்டு பஸ் மாறி வருவார் என்பதை மரைக்காயரால் நம்ப முடியவில்லை. கிதாபைத் திறந்து ஒவ்வொரு தாளாக எண்ணினார். தையல் விட்டுப்போய்த் தாளெல்லாம் உதிரியாகக் கிடந்தது. எண்ணி முடித்து, ஒரு தாள் குறைந்தாலும் ஜமாத்தில் வைத்துக் கேட்பேன், மலாயாவுக்கும் கடுதாசி போகும் என்று எனக்குச் சொல்லி அனுப்பினார். சாரிடம் சொன்னது இவ்வளவுதான்:

"மூணு காரணமும் இல்லேங்கிறீங்க. அப்ப நாலாவதா ஒண்ணு இருக்கு. அதை நான் கண்டுபிடிக்கிற வரைக்கும் கிதாபு இந்த ஊர் எல்லையைத் தாண்டாது."

கூஜா

சார் வரும்போது பித்தளைக் கூஜா ஒன்று கூடவே வரும். திருகு மூடி போட்டது, வயிறு பெருத்தது. எங்கள் வீட்டில் தேத்தண்ணி போட்டு வைத்தால் "இருக்கட்டும்மா" என்பார். கூஜாவைத் திருகித் தன் தண்ணீரைக் குடிப்பார். மூன்று வாரம் பார்த்துவிட்டு மாமி அடுப்படியில் வந்து முணுமுணுத்தார். "நம்ம தண்ணி வேணாம், நம்ம கிதாபு மட்டும் வேணுமாக்கும். இவரு எப்படி நியாயம் எழுதுவாரு?"

நாலாவது வாரம் ஜொகராவுக்குக் கடும் காய்ச்சல். சாரை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினோம். பிள்ளை கண் திறக்காமல் மூன்று நாள் கிடந்தாள். மாமி அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார். என் மச்சான் சின்னப் பிள்ளையில் கட்டியிருந்த செம்புத் தாயத்தை எடுத்து, அதற்குள் ஏதோ வைத்து அரக்கால் அடைத்து அவள் கையில் கட்டினார். என் கட்டைவிரல் பருமன் இருக்கும். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கடுத்த ஞாயிறு சார் வந்தபோது ஜொகரா சேலைக்கு அடியில் நுழைந்து அங்கிட்டுப் போய், கூஜா மேல் தாயத்தைத் தட்டித் தாளம் போட்டாள். மாமி பிள்ளையை இழுத்துக்கொண்டு, அடக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க, எங்களை நம்பித்தானே வாரீங்க, தண்ணியை மட்டும் ஏன் நம்பலே?" சார் கூஜாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு சார் சொன்னார்:

"ஊருக்குப் போனதும் எங்க ஆத்தா இந்தக் கூஜாவைத்தான்மா திறந்து பாக்குறாங்க. குறைஞ்சிருந்தாத்தான் என்னை வீட்டுக்குள்ளே விடுவாங்க. கூஜாவை நம்புறாங்க, என்னை நம்பலே."

பேர் போடாத ராஜா

பஸ்ஸில் சாருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு நாள் கடற்கரைக் காவல் போலீஸ்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். சாரின் நோட்டு விரித்துக் கிடந்ததில் ராஜா, வரி, படை, நீதி என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறார். எங்கிருந்து எழுதினது என்று கேட்டபோது, அரபு எழுத்துக் கிதாபிலிருந்து என்று சார் உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் அரபு எழுத்தைப் பார்த்தாலே சில பேருக்குப் பாகிஸ்தான் ஞாபகம் வந்துவிடும். மறுநாள் காலையில் போலீஸ்காரர் எங்கள் வாசலில் நின்றார்.

மாமி கதவை ஒரு சாண் திறந்து பேசினார். கிதாபைக் காட்டச் சொன்னார் போலீஸ்காரர். காட்டினோம். புரியவில்லை, படிக்கச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கைக்கு வந்த இடத்தைப் படித்தேன். குடிமக்கள் பட்டினி கிடக்கையில் வயிறு நிறையத் தின்கிற ராஜா அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டி வரும் என்று அந்த இடத்தில் இருந்தது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "யாரம்மா இந்த ராஜா?" என்றார். பொதுவாகச் சொன்னதுதான் என்றார் மாமி. பக்கத்திலே புதுக்கோட்டைச் சமஸ்தானமே இந்தியாவோடு சேர்ந்தாச்சு, இனி ராஜாவைப் பற்றி யார் எதற்குப் படிக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. கிதாபு அச்சடித்து எழுபது வருஷமாவது இருக்கும் என்று மாமி சத்தியம் செய்தார். அவர் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னது இது:

"எந்த ராஜான்னு பேர் போடலியே, அதான் சந்தேகமா இருக்கு."

ஒரே சாட்சி

இனி என் சந்தேகத்தைச் சொல்கிறேன். சார் திடீர் திடீரென்று பழைய பக்கங்களைத் திரும்பப் படிக்கச் சொல்வார். மூன்று வாரத்துக்கு முன்னால் படித்ததை எடுத்து, "அந்த இடத்தை இன்னொரு தரம்" என்பார். முதலில் அவருக்குக் கைவேகம் போதவில்லை என்று நினைத்தேன். ஒரு நாள் சேலையில் இருந்த சின்னக் கிழிசல் வழியாகப் பார்த்தேன். அவர் எழுதவே இல்லை. பழைய நோட்டில் விரலை வைத்து, நான் படிப்பதோடு ஒவ்வொரு வார்த்தையாக ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாசமாகத் தொண்டை வறள ஒருத்தி படிக்கிறாள், அவள் பொய் படிக்கிறாளா என்று பரீட்சை வைக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தால் வார்த்தை வராது, அழுகைதான் வரும். நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். என்ன என்று மாமி பார்த்தார். கிழிசலைக் காட்டினேன். மாமி அங்கிட்டுத் திரும்பி நோட்டைப் பார்த்து, "செட்டியாரே, என் மருமவ களவாணியா?" என்று நேராகவே கேட்டார். சார் எழுந்து நின்றுவிட்டார். "மன்னிக்கணும்மா. நீதிபதி பாகத்திலே ரெண்டு சாட்சி வேணும்னு தங்கச்சிதானே படிச்சாங்க. எனக்கு இந்தக் கிதாபுக்கு அவங்க ஒரே சாட்சி. யூனிவர்சிடியிலே கேட்டா என்ன சொல்றது? அதான் அதே சாட்சியை ரெண்டு தரம் கேக்குறேன்." இதைக் கேட்டு என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மாமி மட்டும் விரலை மடக்கி யோசித்துவிட்டுச் சொன்னார்:

"நானும் இங்கேயேதான் ஒக்காந்திருக்கேன். ரெண்டு பொம்பளை சேந்தா ஒரு சாட்சின்னு எடுத்துக்கிட்டாலும், ஒங்களுக்கு இன்னும் ஒண்ணுதான் கொறையுது."

அடிவார்த்தை

பழைய கிதாபுகளில் பக்கத்துக்கு நம்பர் இருக்காது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு தாளின் அடியிலும், அடுத்த தாள் எந்த வார்த்தையில் ஆரம்பிக்கிறதோ அந்த வார்த்தையைத் தனியாகப் போட்டிருப்பார்கள். அடிவார்த்தையும் அடுத்த தாளின் முதல் வார்த்தையும் ஒன்றாக இருந்தால் தாள் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஆளுகிறவனுக்கு ஆகாத காரியங்கள் என்ற பாகம் வந்தது. நஜர் என்று காணிக்கை வாங்குவது ஆகாது. கோபத்தில் தீர்ப்புச் சொல்வது ஆகாது. மூன்றாவது ஆரம்பிக்கும் முன் தாள் முடிந்தது. அடிவார்த்தை 'சந்தேகம்'. அடுத்த தாளைப் புரட்டினேன். அது 'குதிரை' என்று ஆரம்பித்தது.

உதிரித் தாள்களை முன்னும் பின்னும் அடுக்கிப் பார்த்தேன். பாயைத் தூக்கினேன், தொட்டிலுக்கு அடியில் பார்த்தேன். இல்லை. மரைக்காயர் தாள் எண்ண வருவதாகச் சொன்ன நாளுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. சார் குரல் மாறிப்போயிருந்தது. "குடிமக்கள் வீட்டை ஒளிஞ்சு பாக்க ராஜாவுக்கு உரிமை உண்டா இல்லையா, இதைத்தான் ஆறு மாசமாத் தேடிக்கிட்டிருக்கேன். அது இந்தத் தாள்லேதான் இருக்கணும்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, அந்நியருக்குச் சொல்லக்கூடாத இடம்னு தோணினா படிக்க வேண்டாம். தாளை எடுத்து ஒளிக்க வேண்டாம்." அந்த வார்த்தை என்னை எப்படிச் சுட்டது என்று உங்களில் இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். என் பங்குக்கு நானும் சும்மா இல்லை. தாள் கிடைத்தால் ஆதாயம் யாருக்கு, அவருக்குத்தானே, அவரே ஏன் எடுத்திருக்கக் கூடாது என்று மனசுக்குள் ஓடியது. வெளியே சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சார் கைகழுவக் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் மாமி கூஜா மூடியைத் திருகி, உள்ளே கையை விட்டுத் துழாவிவிட்டு, ஈரக் கையோடு என்னிடம் வந்தார்:

"தண்ணிதான் இருக்கு. மூடிக்குள்ளேயும் பாத்துட்டேன்."

காய்ச்சல் நின்றது

அந்த இரண்டு வாரமும் நான் யார் முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. ஜமாத்தில் வைத்துக் கேட்டால் நான் எங்கே போய் நிற்பேன். பொம்பளை போய் நிற்க முடியாது, எனக்காக மாமி மகன்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் மலாயாவில், கிதாபு களவு போன வீட்டுக்காரராக ஒரு கடுதாசியில் இதைப் படிப்பார். மாமி என்னை நம்பினாரா என்பதும் தெரியாது. நான் தாளைத் தேடும்போதெல்லாம் மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜொகராவைக் குளிப்பாட்டினேன். சோப்பு நுரையில் தாயத்துக் கயிறு அறுந்து, செம்புக் கூடு கல்லில் விழுந்து அரக்கு விட்டுப்போயிற்று. உள்ளேயிருந்து காகித ஓரம் தெரிந்தது. அதில் ஒரு சிவப்புக் கோடு. எங்கள் ஊரில் தாயத்துக்கு எழுதுகிற ஹஸரத் குங்குமப்பூ மசியில் எழுதுவார், கோடு போடமாட்டார். சிவப்புக் கோட்டு விளிம்பு மரைக்காயர் கிதாபுக்குத்தான் உண்டு. பிள்ளையை ஈரத்தோடு தூக்கிக்கொண்டு மாமியிடம் ஓடினேன். "மாமி, இதுக்குள்ளே என்னத்தை வச்சீங்க?"

மாமிக்குக் கண் மங்கல். குர்ஆனில் யாசீனெல்லாம் மனப்பாடம், எழுத்துத் தெரியாது. பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது தொட்டிலுக்கு அடியில் ஒரு தாள் கிடந்திருக்கிறது. அரபு எழுத்து என்று மட்டும் தெரிந்திருக்கிறது. தன் பழைய ஓதல் கிதாபிலிருந்து அல்லாஹ்வே உதிர்த்துக் கொடுத்தது என்று நினைத்து, கண்ணில் ஒற்றி, எட்டாக மடித்துச் சுருட்டி அடைத்துவிட்டார். ராஜா எதைச் செய்யக் கூடாது என்பதை என் மகள் ஐந்து மாசமாகக் கையில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறாள். இது ஓதுகிற துஆ இல்லை மாமி, ஆட்சி பண்ணுகிற பாகம் என்றேன். மாமி அசையவில்லை. கூட்டை என் கையிலிருந்து பிடுங்கி மடியில் முடிந்துகொண்டார்:

"என்னத்தையோ இருந்துட்டுப் போவுது. காச்சல் நின்னுச்சா இல்லையா?"

எல்லாரும் வந்த ஞாயிறு

அந்த ஞாயிறு சாரும் வந்தார், மரைக்காயரும் வந்தார். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். நான் இங்கிட்டு. இரண்டு நாளாக நான் யோசித்தது ஒன்றுதான். உண்மையைச் சொன்னால் மாமிக்குத் தலைகுனிவு. சொல்லாவிட்டால் சாரோ நானோ திருடர். மரைக்காயர் தாளை எண்ண விரலை நனைத்தார். அப்போது மாமி மடியை அவிழ்த்துத் தாயத்தை அவர் முன்னால் வைத்தார். "எண்ண வேணாம் மரைக்காரே. ஒண்ணு கொறையும். எடுத்தது நான். காச்சல்லே கெடந்த புள்ளைக்கு அல்லாஹ் பேர்னு கட்டினேன். அது ராசா சமாச்சாரம்னு எனக்கு யாரு சொன்னா? என் மருமவ மேலயும் இந்தச் செட்டியார் மேலயும் குத்தம் இல்லே."

மரைக்காயர் தாயத்தையே பார்த்தார். பிரிக்கச் சொல்வார் என்று பார்த்தால், "பிரிச்ச பொறகு காச்சல் திரும்பினா யாரு பொறுப்பு?" என்று மாமி கேட்டதும் நீட்டின கையை இழுத்துக்கொண்டார். படகுக்கே தாயத்துக் கட்டுகிறவர் அவர். சார்தான் பேசினார். "பிரிக்க வேண்டாங்க. என் ஆராய்ச்சியிலே ஒரு தாள் இல்லேன்னு எழுதிக்கிறேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது." ஆறு மாசம் தேடினதை ஒருத்தர் அப்படிச் சொன்னதும் எனக்கு என்னவோ ஆயிற்று. "நான் பெத்த புள்ளை, நான் பிரிக்கிறேன்" என்றேன். மாமி திரும்பச் சொல்லாமலேயே அது அங்கிட்டுக் கேட்டுவிட்டது. "தாள் கிதாபுக்குப் போகட்டும். அதிலே உள்ளதை அப்படியே பாத்து எழுதி நானே தாயத்திலே வச்சுக் கட்டுறேன். புள்ளைக்கும் கொறையாது, மரைக்காருக்கும் கொறையாது."

மாமி தாயத்தைக் கண்ணில் ஒற்றிச் சேலைக்கு அடியில் தள்ளிவிட்டார். நான் பிரித்தேன். முதல் வார்த்தை 'சந்தேகம்'. மடிப்புகளை விரலால் நீவிக்கொண்டே படித்தேன். சந்தேகத்தின் பின்னால் போகிற ராஜா தன் குடிகளைத் தானே கெடுக்கிறான் என்றது கிதாபு. மூடின கதவுக்குப் பின்னால் இருப்பதைத் துழாவ அவனுக்கு உரிமை இல்லை. கண்ணால் காணாத குற்றத்தைத் தேடிப் போகிறவன், தேடப் போகிற இடத்திலேயே குற்றம் செய்கிறவனாகிறான். படித்து முடித்தேன். அங்கிட்டு பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மாமி தலையைக் குனிந்து கூஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து சார் பக்கத்தில் வைத்தார். சார் கூஜாவைத் திருகாமல் அதைக் குடித்தார். மரைக்காயர் தாளை வாங்கிக் கிதாபில் அதன் இடத்தில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்:

"கிதாபு சொல்றது ரொம்பச் சரி. இருந்தாலும் ஒரு தடவை எண்ணிப் பாத்துக்குறேன்."

பேர்

மூன்று வருஷம் கழித்து சாரின் ஆராய்ச்சி புஸ்தகமாக இங்கிலீஷில் வந்தது. ஒரு பிரதி தபாலில் அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியாரை மாமி வரவழைத்து, சேலைக்கு அங்கிட்டு அதே நாற்காலியில் உட்காரவைத்து, படித்துச் சொல்லச் சொன்னார். சந்தேகம் பற்றிய தாளுக்குச் சார் ஒரு பாகமே ஒதுக்கியிருந்தார். தாய்க்குச் செய்ய வேண்டிய கடமை வருகிற பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இந்த இடத்தில் 'மாமியும்' என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் வாய்மொழியாகக் கிடைக்கிறது என்று. மாமி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். வாத்தியார் கூட்டிச் சொல்கிறாரோ என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் என்னத்தைக் கண்டேன்.

முகப்பில் நன்றி சொல்லும் பக்கத்தில், 'குரலாலேயே இந்தக் கிதாபை எனக்குத் தந்த கோட்டைப்பட்டினத்துச் சாட்சிகள் இருவருக்கு' என்று போட்டிருந்தது. பெண்கள் பேரை அச்சில் போடுவது எங்களுக்குப் பிடிக்காமல் போகலாம் என்று விட்டிருப்பார், அவர் மரியாதை அவ்வளவு. எனக்கு அது போதும் என்றிருந்தது. மாமி புஸ்தகத்தை வாங்கி, அட்டையைத் தடவிப் பார்த்து, வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வாத்தியார் கிளம்பிப் போன பிறகுதான் சொன்னார்:

"எந்த மாமி, எந்த மருமவன்னு பேர் போடலியே, அதான் சந்தேகமா இருக்கு."

அந்தத் தாள் சொன்னபடி அத்தனை நாளும் யாரையும் சந்தேகப்படாமல் நடந்துகொண்டது, அதைக் கையில் கட்டிக்கொண்டு கூஜாவில் தாளம் போட்ட இரண்டு வயசுக்காரி ஒருத்திதான்.